பிற்பகல் ஒன்றே முக்கால் செய்தி

எங்கள் பக்கத்தில் வானொலிச் செய்தி இரண்டு வகை. காலை ஏழே காலுக்கு முன்பெல்லாம் டெல்லியிலிருந்து வந்தது ஒன்று. பிற்பகல் ஒன்றே முக்காலுக்குத் திருச்சியிலிருந்து வருவது இன்னொன்று. டெல்லிச் செய்தியில் பிரதமர் வெளிநாடு போவார், நாடாளுமன்றத்தில் அமளி நடக்கும். திருச்சிச் செய்தியில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் வரும். முதலாவதைக் கேட்பவருக்கு விவரம் தெரிந்தவர் என்று ஊரில் பெயர். இரண்டாவதைக் கேட்காவிட்டால் நாற்றங்கால் போச்சு.

எங்கள் பக்கம் என்று நான் சொல்வது திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் இடைப்பட்ட கடைமடையை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நாள் ஆகும். அங்கிருந்து வெண்ணாறு, அதிலிருந்து இன்னும் சிறிய ஆறுகள், அப்புறம் வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து, மேலே இருக்கிற ஊர்க்காரர்கள் எல்லாரும் மடை திறந்து முடித்த பிறகு மிச்சம் இருப்பது எங்களுக்கு. ஆகவே, அணையில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தலைமடைக்காரனைவிட நாங்கள்தான் அதிகம் கவனிப்போம். வானொலி மூன்று எண்களைச் சொல்லும். 120 அடி வரை நீர் தேக்கும் அணையில் இன்றைக்கு எத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு எத்தனை கன அடி, வெளியேற்றம் எவ்வளவு. அவ்வளவுதான். எண் காதில் விழுந்ததும் என் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஏற்கெனவே நாலு பேர் அதே மூன்று எண்களோடு உட்கார்ந்திருப்பார்கள். மாலை வரை பேச அது போதும்.

இந்த மூன்று எண்கள் டெல்லியில் யாருக்கும் செய்தி இல்லை. சென்னையிலும் அநேகமாக இல்லை. திருச்சியில் ஒரு செய்தியாசிரியர் உட்கார்ந்து, பத்து நிமிடச் செய்தியில் இதற்கு இடம் உண்டு என்று முடிவு செய்ததால்தான் அது செய்தி ஆனது. வட்டார வானொலி செய்த வேலை என்று எதையாவது சொல்லவேண்டும் என்றால், நான் இந்த முடிவைத்தான் சொல்வேன். நாடகம், கச்சேரி, உரைச்சித்திரம் எல்லாம் அதற்கு அப்புறம்.

திருச்சி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. சென்னையில் அகில இந்திய வானொலி வந்தது அதற்கு முந்தைய ஆண்டு, 1938 ஜூனில். 1947இல் நாடு பிரிந்தபோது இந்தியாவின் பங்குக்கு வந்தவை ஆறே ஆறு நிலையங்கள்: டெல்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, திருச்சி. இந்த வரிசையில் திருச்சியைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது. மற்ற ஐந்தும் தலைநகரங்கள்.

சென்னைக்கு வேறொரு பெருமை உண்டு. 1924இலேயே அங்கே சிலர் சேர்ந்து ஒரு ரேடியோ கிளப் தொடங்கினார்கள். பணம் இல்லாமல் 1927இல் அதை மூடினார்கள். அதன் ஒலிபரப்புக் கருவியை வாங்கி வைத்துக்கொண்ட சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் முதல் 1938 வரை தானே ஒரு வானொலி நடத்தியது. குப்பை அள்ளுகிற, தெருவிளக்கு போடுகிற மாநகராட்சி! வீட்டில் பெட்டி இல்லாதவர்கள் கேட்கட்டும் என்று கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். உள்ளாட்சி மன்றம் ஒன்று தன் ஊருக்கென்று வானொலி நடத்தலாம் என்பது தொண்ணூறு வருஷத்துக்கு முன் நடந்து முடிந்த விஷயம். இன்றைக்கு ஒரு நகராட்சித் தலைவர் அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள்.

ஊர்ப்புறத்தில் அதற்குச் சமமாக இருந்தது பஞ்சாயத்து ரேடியோ. சின்னதாக ஒரு அறை, மேலே ஒலிபெருக்கி, எதிரே நாலு சிமெண்ட் பெஞ்சு. சாவி பஞ்சாயத்து ஆளிடம் இருக்கும். அவர் மாலையில் வந்து திறந்து போட்டால் ஊரே கேட்கும். அவருக்குக் காய்ச்சல் என்றால் ஊருக்கே செய்தி இல்லை.

அந்த ஒலிபெருக்கி வழியாகத்தான் ஆடுதுறை 27 எங்கள் ஊருக்கு வந்தது. 1965இல் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட குறுகிய கால ரகம். நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் ஜப்பானிய நெல்லையும் ஒட்டி எடுத்தது. நூற்றைந்து நாளில் அறுவடை, குறுவைப் பட்டத்துக்குத் தோது. தஞ்சை மாவட்டத்தில் தீவிர விவசாயத் திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது, யோசனை சொல்ல கிராம சேவக் என்ற அரசு ஊழியர்கள் இருந்தார்கள். ஆனால் ஒரு கிராம சேவக் எத்தனை ஊருக்குத்தான் சைக்கிள் மிதிப்பார்? 1966இல் திருச்சி வானொலியில் பண்ணைக்கும் இல்லத்துக்குமான ஒலிபரப்புக்கென்று தனிப் பிரிவு வந்தது. விதை எங்கே கிடைக்கும், நாற்று எத்தனை நாளில் பறிக்கலாம், உரம் எப்போது போடவேண்டும், என்ன பூச்சி வந்திருக்கிறது, அதற்கு என்ன மருந்து என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஊர் ஊராக ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய், ஏற்கெனவே போட்ட விவசாயியையே பேச வைத்தார்கள். அதிகாரி சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிற ஆட்கள், பக்கத்து ஊர் மிராசுதாரோ குத்தகைக்காரரோ தன் குரலில் ஒரு மா நிலத்துக்கு இத்தனை மூட்டை கண்டேன் என்றால் காதைத் தீட்டிக்கொள்வார்கள். போட்டார்கள். டெல்டாவில் அந்த நெல்லுக்கு ரேடியோ நெல் என்றே பெயராகிவிட்டது. வளர்ச்சித் தொடர்பியல் படிக்கிற மாணவர்களுக்கு இது இன்றும் பாடம்.

தென்கச்சி கோ. சுவாமிநாதனைச் சென்னை வானொலியின் "இன்று ஒரு தகவல்" வழியாகத்தான் பலருக்குத் தெரியும். அவரும் விவசாயப் படிப்பு முடித்து, பண்ணை ஒலிபரப்புக்காக வானொலிக்குள் வந்தவர்தான். திருநெல்வேலி நிலையத்தில் நெல்லுக்கும் பருத்திக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தவர். ஒரு பெரிய விஷயத்தை வாசல் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது மாதிரிச் சொல்லும் அந்தத் தோரணை பண்ணைப் பிரிவில்தான் பழகியிருக்கும் என்பது என் ஊகம். வயலில் நிற்கிறவனிடம் மேடைப் பேச்சு எடுபடாது.

சரி, இதுவரை சொன்னது புகழ். இனி மறுபக்கம்.

ஆடுதுறை 27 வந்து மூன்று வருஷத்தில், 1968 டிசம்பர் 25 இரவு, எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய தூரத்தில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். நடவு, அறுவடைக் கூலியை உயர்த்திக் கேட்டதிலும் சங்கம் வைத்ததிலும் தொடங்கிய பகை அது. புது நெல்லால் விளைச்சல் கூடியது, விளைச்சலில் பங்கு யாருக்கு என்ற கேள்வியும் கூடவே வந்தது. இரண்டும் ஒரே வயலின் விஷயம். ஆனால் பண்ணை நிகழ்ச்சி என்று வானொலி வரைந்த கோட்டுக்குள் விதை உண்டு, உரம் உண்டு, பூச்சிமருந்து உண்டு, வங்கிக் கடன் உண்டு. கூலிக்கு இடம் இல்லை. நிலம் வைத்திருப்பவரை விவசாயி என்று அழைத்துப் பேட்டி எடுத்தார்கள். நடவு நடுகிற பெண்ணை அழைத்து ஒரு நடவுப் பாட்டுப் பாடச் சொன்னார்கள். பாட்டு கிராமியக் கலையில் சேர்ந்தது, பாடினவளின் கூலி எதிலும் சேரவில்லை.

இதற்குத் தனி ஆட்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 1960களின் கடைசியில் அகில இந்திய வானொலிக்கென்று ஒரு நெறிமுறை எழுதினார்கள். நட்பு நாடுகளைக் குறை கூறக்கூடாது, மதங்களையோ சமூகங்களையோ தாக்கக்கூடாது, அரசியல் கட்சியைப் பெயர் சொல்லித் தாக்கக்கூடாது, மத்திய அரசையோ எந்த மாநில அரசையோ பகைமை தொனிக்க விமர்சிக்கக்கூடாது என்று போகும் அந்தப் பட்டியல். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயமாகத் தெரியும். சேர்த்துப் பார்த்தால், காவிரித் தண்ணீரைப் பற்றி என்ன பேச முடியும்? கர்நாடகம் ஒரு மாநிலம், தமிழ்நாடு ஒரு மாநிலம், நடுவில் மத்திய அரசு. பேச மிஞ்சுவது மூன்று எண்கள்தான்.

ஆக, நான் முதலில் புகழ்ந்த அந்த நீர்மட்டம் ஒரு வகையில் மௌனமும்கூட. ஜூன் 12 என்பது மேட்டூர் திறக்கிற வழக்கமான நாள். 2012இலிருந்து 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2020இல்தான் மறுபடி நடந்தது. அந்த எட்டு வருஷமும் பிற்பகல் செய்தியில் எண் வந்தது. ஏன் அந்த எண் அங்கே நிற்கிறது, யார் விடவில்லை, நடுவர் மன்றம் சொன்னது என்ன, நம் பக்கத்திலேயே ஏரியும் வாய்க்காலும் தூர்ந்துபோனதற்கு யார் பொறுப்பு என்பதையெல்லாம் டீக்கடைதான் பேசித் தீர்க்கவேண்டியிருந்தது. டீக்கடைக்கு நெறிமுறை கிடையாது, அது ஒரு வசதி. ஆதாரமும் கிடையாது, அது ஒரு தொல்லை.

இதனால்தான் பெரிய செய்தி என்றால் எங்கள் ஊர் ஆட்கள் இரவு ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசைக்குத் திருப்பினார்கள். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி இறந்துவிட்டார் என்பதை உலகமே சொல்லிவிட்ட பிறகும் நம் வானொலி மாலை வரை காத்திருந்தது நாடறிந்த கதை. சினிமாப் பாட்டுக்கு இலங்கை வானொலி. கோடியக்கரைப் பக்கம் அது திருச்சியைவிடத் தெளிவாகவே எடுக்கும். ஒரு பெட்டியில் மூன்று ஊர்களுக்கு மூன்று வேலை. மேட்டூருக்கும் மழைக்கும் மட்டும் திருச்சி. லண்டன்காரனுக்கும் கொழும்புக்காரனுக்கும் எங்கள் வாய்க்கால் தெரியாது.

அந்த 1984 அக்டோபர் 30இல், அதாவது அந்தக் கொலைக்கு முந்தின நாள், நாகர்கோவிலில் வானொலி நிலையம் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் உள்ளூர் வானொலி நிலையம் அது, பண்பலையில். மாநிலத்துக்கு அல்ல, மண்டலத்துக்கும் அல்ல, ஒரு மாவட்டத்துக்கு என்று யோசித்துச் செய்தது. கன்னியாகுமரிக்காரர்களிடம் பேசினால் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டம், ரப்பர் விலை, கடல் எச்சரிக்கை எல்லாவற்றையும் அந்த நிலையத்தோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். அந்த யோசனையை அப்படியே நாடெங்கும் கொண்டுபோயிருக்கலாம். ஓரளவு கொண்டும் போனார்கள். பிறகு பண்பலை என்றாலே சினிமாப் பாட்டு என்று ஆகிவிட்டது.

கலைப் பக்கம் வருகிறேன். காலையில் நிலையம் திறந்ததும் அந்த அடையாள இசை, வந்தே மாதரம், அடுத்து மங்கள இசை. மங்கள இசை என்றால் நாயனம். சாதாரண நாளில், கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல், ஒரு குக்கிராமத்து நாயனக்காரரின் பூபாளத்தையோ பௌளியையோ ஒரு மாநிலமே பல் துலக்கிக்கொண்டு கேட்டது. நாயனக்காரர்களை ஊர் எப்படி நடத்தியது, எந்த வாசல் வரை விட்டது என்பது டெல்டாவில் பிறந்தவர்களுக்குத் தெரியும். வானொலி பாடகர்களைக் குரல் தேர்வுக்கு வரச் சொன்னதுபோல் அவர்களைக் கருவித் தேர்வுக்கு வரச் சொன்னது, கேட்டது, பி, பி ஹை, ஏ, டாப் என்று தரம் போட்டது, காசோலை கொடுத்தது. 1952க்குப் பிறகு பி.வி. கேஸ்கர் அமைச்சராக இருந்த காலத்தில் இறுகிய ஏற்பாடு இது. சினிமாப் பாட்டை விரட்டியவர் என்று அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு, திட்டலாம். ஆனால் அந்தத் தரவரிசை ஊர்க் கலைஞனுக்கு என்ன செய்தது என்பதைத் திருவிழா நோட்டீசில் பார்க்கவேண்டும். "வானொலிப் புகழ்" என்று பெயருக்கு முன்னால் போட்டால் அந்த வருஷம் இரண்டு கோயில் கூடுதலாகக் கிடைக்கும். இன்றைக்கும் அச்சடிக்கிறார்கள், தொலைக்காட்சியையும் சேர்த்துக்கொண்டு.

திருவையாறு ஆராதனையைச் சொல்லாமல் திருச்சி வானொலி முடியாது. தியாகராஜர் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமி அன்று காலை, காவிரிக் கரையில் வித்வான்கள் எல்லாரும் சேர்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் பாடுவதை நேரடியாகப் போடுவார்கள். நான் பிறந்த ஊருக்கும் திருவையாறுக்கும் ஒரே மாவட்டம்தான் அப்போது, பழைய தஞ்சாவூர் ஜில்லா. ஆனால் எங்கள் தெருவில் யாரும் ஆராதனைக்குப் போனதில்லை. போகவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. அது வேறு ஆட்களுடைய விழா. வானொலி அதை அடுப்படிக்குக் கொண்டுவந்தது. என் அத்தைக்கு ராகம் ஒன்றும் தெரியாது. ஆனால் ஆரபி வந்ததும் "இந்தா, இதுதான் நல்லா இருக்கும்" என்று அரிசி களைவதை நிறுத்திவிடுவார்.

ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசியும் அப்படித்தான். விடியற்காலையில் சொர்க்கவாசல் திறப்பு, நேர்முக வர்ணனை. கண்ணால் பார்க்க முடியாத ஆளுக்குப் பெருமாள் அணிந்திருக்கும் ரத்னாங்கியை வாயாலேயே காட்டவேண்டும். புறப்பாடு தாமதமானால் வர்ணனையாளர் சும்மா இருக்க முடியாது. தலபுராணம், கோபுரத்தின் உயரம், ஆழ்வார் பாசுரம், முன்னால் நிற்கிற கூட்டம் என்று எதையாவது இழுத்து நிரப்புவார். அந்த இழுப்பில்தான் சுவாரசியமான விஷயங்களே வரும். தொலைக்காட்சி நேரலை வந்த பிறகு இந்தக் கலை தேய்ந்துவிட்டது. படம் இருக்கும்போது சொல்ல என்ன இருக்கிறது?

இங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆராதனைக்கும் ஏகாதசிக்கும் ஒலிபரப்பு வண்டி போகும். எங்கள் ஊர்க் காத்தவராயன் கூத்துக்கு விடிய விடிய ஊரே உட்கார்ந்திருக்கும், வண்டி வராது. கிராமியக் கலைக்கு என்று கால் மணி நேரம் உண்டு, ஒலிப்பதிவு அறைக்குள் கூப்பிட்டு, குரலைச் சரி பார்த்து, நேரத்துக்குள் வெட்டி. இருந்தும், அந்தக் கால் மணி நேரம் இல்லாவிட்டால் எத்தனையோ குரல் ஊரைத் தாண்டியே இருக்காது. கொல்லங்குடி கருப்பாயியை சினிமாக்காரர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே வானொலி பாட வைத்திருந்தது. இப்படிப் பாடியவர்களில் பெயர் வெளியே தெரியாதவர்கள்தான் அதிகம். அந்த நாடாக்கள் பலவும் இன்று இல்லை. நாடாத் தட்டுப்பாட்டில் பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிவது அன்றைக்கு வானொலி நிலையங்களில் சாதாரணம்.

இப்போது சட்டத்தில் உள்ள ஒரு வேடிக்கை. இந்தியாவில் தனியார் பண்பலைகள் 2001இல் வந்தன. இன்றுவரை அவை சொந்தமாகச் செய்தி வாசிக்கக்கூடாது. 2011இல் வந்த கொள்கையில், ஆகாசவாணியின் செய்தியை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் மறுஒலிபரப்புச் செய்துகொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். சமுதாய வானொலிகளுக்கும் சொந்தச் செய்தி கிடையாது. இருபத்து நாலு மணி நேரமும் யார் வேண்டுமானாலும் தொலைக்காட்சியில் கத்தலாம், யூடியூபில் எதையும் சொல்லலாம். வானொலியில் மட்டும் செய்தி அரசுக்கே. பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, நிலைமை மாறவில்லை.

அதே கொள்கையில், இதெல்லாம் செய்தி ஆகாது, தனியாரும் சொல்லலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. போக்குவரத்து, வானிலை, கலைவிழா, திருவிழா, தேர்வு முடிவு, குடிநீர், மின்சாரம், இயற்கைச் சீற்ற எச்சரிக்கை. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் செய்தி என்று நாங்கள் கேட்டதே இவற்றைத்தான்! சரி, அனுமதி இருக்கிறதே, தனியார் சொல்கிறார்களா என்றால், திருச்சி, மதுரை மாதிரி நகரத்துக்குள் மட்டும் எட்டுகிற அலைவரிசையை வைத்துக்கொண்டு, விளம்பரம் தராத தலைஞாயிறுக்கு அவர்கள் ஏன் மெனக்கெட வேண்டும்? அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அது வியாபாரம். விழுந்தமாவடியில் களஞ்சியம், பாம்பனில் மீனவர்களுக்கென்று 2016இல் வந்த கடல் ஓசை என்று சமுதாய வானொலிகள் நல்ல வேலை செய்கின்றன. கடல் எப்படி இருக்கிறது என்பதைத் தன் ஊர்ப் பேச்சிலேயே மீனவருக்குச் சொல்கின்றன. ஆனால் அவற்றின் கோபுரம் எட்டுவது சில கிலோமீட்டர்தான். கடைமடை முழுக்கக் கேட்கிற மாதிரி, லாபம் பார்க்காமல் பேசக் கடமைப்பட்ட ஒரே அமைப்பு அரசு வானொலி. அதனால்தான் அதன்மேல் எனக்கு இவ்வளவு கோபமும் எதிர்பார்ப்பும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. தென்னை, மா, முந்திரி எல்லாம் சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து கிடந்தன. எங்கள் பக்கம் பல ஊர்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. செல்போன் கோபுரத்துக்கு உயிர் இல்லை, இருந்தாலும் போனில் சார்ஜ் இல்லை. மறுநாள் மாலை, பெட்டிக்கடைக்காரர் ஒருவர் பரணிலிருந்து பழைய டிரான்சிஸ்டரை எடுத்துத் துடைத்து, சுவர்க் கடிகாரத்துப் பேட்டரியைக் கழற்றிப் போட்டார். மத்திய அலையில் கரகரப்பு. முள்ளை மெதுவாகத் திருகியதும் தெளிந்தது. எந்தச் சாலையில் மரம் அகற்றியாகிவிட்டது, எந்த மாவட்டங்களில் பள்ளி விடுமுறை, முகாம்கள் எங்கே என்று வரிசையாகச் சொன்னார்கள். எங்கள் ஊர் பெயர் வருமா என்று எல்லாரும் காத்திருந்தோம். வரவில்லை. திருத்துறைப்பூண்டி வந்தது. "அது போதும் மாமா, அங்க ரோடு திறந்துட்டா நமக்கு லாரி வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு பையன் சைக்கிளை எடுத்தான். வாட்ஸ்அப் இருக்கும்போது வானொலி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற பதில் இது. வாட்ஸ்அப்பில் மேட்டூர் நீர்மட்டமும் வருகிறது, உண்மைதான். ஆனால் மூன்று வருஷத்துக்கு முந்தைய எண் இன்றைய எண் மாதிரி வந்து நிற்கும். வானொலியில் தேதி தப்பாது.

இவ்வளவு இருந்தும் இன்றைக்கு உள்ளூர் நேரம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அஞ்சல் என்பது வானொலிக்காரர்களின் சொல். வேறு நிலையத்தின் நிகழ்ச்சியை வாங்கி அப்படியே போடுவது. டெல்லி அஞ்சல் எப்போதும் இருந்ததுதான். இப்போது பெட்டியைத் திறந்தால் காதில் விழுவதில் அஞ்சல்தான் அதிகமாக இருக்கிறது. காரணம் மர்மம் ஒன்றுமில்லை. அரசு வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்துகிற பிரசார் பாரதிக்கான சட்டம் 1990இல் நிறைவேறி 1997இல் நடைமுறைக்கு வந்தது, தன்னாட்சி என்று பெயர். சம்பளம் அரசிடமிருந்துதான் வரவேண்டும். ஓய்வு பெற்றவர்களின் நாற்காலிக்கு ஆள் போடுவதில்லை. மாதத்தில் சில நாள் மட்டும் கூப்பிடப்படுகிற தற்காலிக அறிவிப்பாளர்களை வைத்து நிலையங்கள் ஓடுகின்றன. மாவட்டத்துக்கு ஒருவர் என்று இருக்கும் செய்தியாளர் பகுதி நேர ஆள், ஒப்பந்தத்தில். 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது. ஆட்சியர் அலுவலகம் வந்தது, காவல் கண்காணிப்பாளர் வந்தார். அந்த மாதிரி ஒரு செய்தியாளரும் முழு நேரமாக வரவேண்டும் என்று யாரும் கோரிக்கை வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

கோரிக்கை வைத்தால் நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2023 ஜூனில் புனே வானொலியின் மண்டலச் செய்திப் பிரிவை மூடுகிறோம், செய்தியை வேறு ஊரிலிருந்து வாசிக்கிறோம் என்று உத்தரவு வந்தது. புனேக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கட்சி வேறுபாடு இல்லாமல் எதிர்ப்பு கிளம்பியது, உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. மராத்தியில்தான் வாசிக்கப் போகிறார்கள், எந்த ஊரில் உட்கார்ந்து வாசித்தால் என்ன என்று அவர்கள் நினைக்கவில்லை.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நாளில் இத்தனை மணி நேரம் அந்த நிலையத்திலேயே தயாரிக்கவேண்டும், அதில் அஞ்சல் நுழையக்கூடாது என்று ஒரு விதி. மாவட்டத்துக்கு ஒரு முழு நேரச் செய்தியாளர். அந்தப் பழைய நெறிமுறையைத் திறந்து, ஒரு ஊரில் நடக்கிற தகராறை இரண்டு பக்கத்து ஆட்களின் குரலோடும் சொல்ல இடம் தருவது. நடவுக்காரியைப் பாட்டுக்கு மட்டும் அல்லாமல் கூலியைப் பற்றிப் பேசவும் கூப்பிடுவது. மூன்று எண்ணோடு நாலாவதாக "ஏன்" என்பதையும் சேர்த்துச் சொல்வது. ஊர் ஊராகப் போய் விவசாயியைப் பேச வைத்த நிலையத்துக்கு இது புது வேலை இல்லை.

என் சித்தப்பா பையன் ஷார்ஜாவில் இருக்கிறான். போனில் பிரசார் பாரதியின் செயலியைப் போட்டுத் திருச்சியைக் கேட்கிறான். கரகரப்பே இல்லை, கல்லணையில் நின்று கேட்பதைவிடத் தெளிவு. போன வாரம் பேசும்போது ஒரு விஷயம் சொன்னான். "அண்ணே, இதுல இருநூறுக்கு மேல நிலையம் இருக்கு. சும்மா நாலஞ்சு தமிழ் நிலையத்த மாத்தி மாத்தி வச்சுப் பாத்தேன். எல்லாத்துலயும் ஒரே ஆளு பேசிக்கிட்டு இருக்காரு. அப்புறம் எதுக்கு இத்தனை பேரு?"